மலைக்குப் பெயர் வந்த கதை – வில்லியம் கேமரன்



பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் கேமரன் மலை என்று அழகாக எழுதுகிறீர்களே, அந்தக் கேமரன் யார் என்று என்றைக்காவது கேட்டதுண்டா? நான் வகுப்பில் கேட்டேன். ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருக்கும் சார் என்றான் ஒரு பையன். பாதி சரி. துரைதான்; ஆனால் தேயிலைத் துரை இல்லை. போ தோட்டம் தொடங்குவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்ட மனிதர் அவர்.

வில்லியம் கேமரன் நிலம் அளக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். 1885-ம் ஆண்டில் பேராக்குக்கும் பகாங்குக்கும் நடுவிலுள்ள எல்லைப் பகுதியை அளந்து படம் வரையும் வேலைக்காக வந்தார். அப்போது பேராக்கில் வெள்ளைக்கார ரெசிடெண்ட் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. பகாங் அவர்கள் கைக்கு 1888-ல்தான் போனது. ஆகவே மலைமுதுகு எப்படி ஓடுகிறது, எந்தச் சரிவில் பெய்யும் மழை எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் அன்றைக்குப் பெரிய விஷயம். மேற்கே வடிந்தால் பேராக். கிழக்கே வடிந்தால் நம்ம பெர்தாம் ஆறு, பிறகு தெலோம், ஜெலாய், கடைசியில் பகாங் ஆறு. (1960-களில் ரிங்லெட்டில் அணை கட்டி, பெர்தாம் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். கேமரன் இருந்திருந்தால் மறுபடி படம் வரைய வேண்டியதுதான்!)

ரோடு ஏது அப்போது? காடுதான். குலோப் ரியாவ் என்ற மலாய் வீரர் வழித்துணையாக வந்தார் என்று சொல்வார்கள். சுற்றிலும் உயர்ந்த மலைகள் நிற்க, நடுவே சரிவு குறைந்த அகலமான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகக் கேமரன் எழுதி வைத்தார். பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ அதைப் படித்துவிட்டு, சுகவாச ஸ்தலமாக்கலாமே என்று ஆசைப்பட்டார்.

இங்கேதான் ஒரு பிசகு. கண்ட இடத்தைக் கேமரன் படத்தில் குறிக்கவில்லை. அடுத்த வருஷமே, 1886-ல், இறந்தும் போனார். அவர் பார்த்தது இந்த இடம்தானா என்றுகூடப் பின்னால் சந்தேகம் கிளம்பியது. இடமும் திசையும் போடாமல் படம் வரைந்து நீட்டுகிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

1925-ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் காரியம் சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து ரோடு போட்டார்கள். 1929-ல் போ தோட்டம் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன்மார் தேயிலைக்காக மூட்டை முடிச்சோடு ஏறி வந்தது அதற்கப்புறம்தான்.

கேமரன் கண்டுபிடித்தார் என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவேன். ஆனால் ஓராங் அஸ்லிகளான செமாய் மக்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இது புது இடமில்லை. அதையும் இரண்டு வரி சேர்த்து எழுதுகிற பிள்ளைக்குக் கூட ஒரு மார்க் உண்டு.

கேமரன் அளக்க வந்த எல்லையை நாமும் மிதித்துப் பார்க்கலாம். பிரிஞ்சாங் மலை 2,031 மீட்டர். உச்சி வரை ரோடு இருக்கிறது. அதையடுத்த இராவ் மலை 2,110 மீட்டர், அதற்கு நடைதான். இரண்டும் பேராக்–பகாங் எல்லையில்தான் நிற்கின்றன. பிரிஞ்சாங் பாசிக் காட்டிலிருந்து இராவுக்குப் பாதை போகிறது. வேரைப் பிடித்து ஏறி, வேரைப் பிடித்தே இறங்க வேண்டும். மரமெல்லாம் பாசிச் சட்டை போட்டு நிற்கும்; பூச்சி தின்னும் குடுவைச் செடியும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல், பெரியவர்கள் துணை இல்லாமல் போகக்கூடாது. விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது.

பயிற்சி முடித்து இங்கே வேலைக்கு வந்த புதிதில் நானும் இராவ் ஏறினேன். உச்சியில் ஒரே பனிமூட்டம். பேராக் எது, பகாங் எது என்று ஒன்றும் தெரியவில்லை. அரைமணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, இடது கால் சப்பாத்தைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.