செரி மரத்தில் ஏறிய பதினேழு வயது

எனக்கு இப்போது பதினேழு வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். ஒரு நாள் பௌதிகவியல் பாடத்தில், ரொக்கெட் எப்படி மேலே எழும்புகிறது என்று ஆசிரியை கேட்டார். வெளியேறும் வாயு கீழே உள்ள காற்றைத் தள்ளுவதால்தான் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். அப்படியானால் காற்றே இல்லாத விண்வெளியில் அது எப்படிப் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு இரண்டு வாரங்கள் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அந்த நாட்களில் தேடிப் படித்தபோதுதான் ரொபர்ட் கொடார்ட் என்ற விஞ்ஞானியை அறிந்தேன். நான் விட்ட அதே பிழையை உலகப் புகழ் பெற்ற ஒரு பத்திரிகையும் விட்டிருந்தது. அந்தப் பிழையால் சிரிப்புக்கு ஆளானவர், சரியாகச் சொன்ன அவர்தான்.

கொடார்ட் 1882 ஒக்டோபர் 5ஆம் திகதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். அடிக்கடி நோயுற்றதால் படிப்பில் தன் வயதுப் பிள்ளைகளைவிட இரண்டு வருடங்கள் பின்தங்கினார். 1899 ஒக்டோபர் 19ஆம் திகதி, பட்டுப்போன கிளைகளை வெட்டுவதற்காக வீட்டின் பின்புறமிருந்த செரி மரத்தில் ஏறினார். மேலே இருந்தபடி, செவ்வாய்க் கிரகம் வரை செல்லும் பொறி ஒன்றைச் செய்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தார். அப்போது அவருக்கும் பதினேழு வயதுதான். அந்தத் திகதியை வாழ்நாள் முழுவதும் அவர் மறக்கவில்லை.

1911இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1913இல் காசநோய் தாக்கியது. வைத்தியர்கள் நம்பிக்கை இழந்தனர். ஆனால் அவர் தேறி எழுந்து, 1914இல் இரண்டு காப்புரிமைகளைப் பெற்றார். ஒன்று பல அடுக்கு ரொக்கெட்டுக்கு, மற்றது திரவ எரிபொருள் ரொக்கெட்டுக்கு. வெடிமருந்தைப் பற்றவைத்தால் அது எரிந்து தீரும் வரை நிறுத்த முடியாது. திரவத்தையோ வால்வைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம்.

காற்று நீக்கிய கலத்துக்குள் ரொக்கெட்டை இயக்கி, அங்கும் உந்துவிசை கிடைப்பதை அவர் அளந்தும் காட்டினார். ரொக்கெட் தள்ளுவது வெளிக்காற்றை அல்ல. தான் வெளியேற்றும் வாயுவையே. அதன் மறுதாக்கமே அதை முன்னே செலுத்துகிறது. ஆனாலும் 1920 ஜனவரியில், பாடசாலைப் பிள்ளைக்குத் தெரிந்த விடயம்கூட இவருக்குத் தெரியாது என்று நியூயோர்க் டைம்ஸ் ஆசிரியர் தலையங்கத்தில் கேலி செய்தது.

1926 மார்ச் 16ஆம் திகதி, ஓபர்ன் என்ற ஊரில், உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் பண்ணையில் பெற்றோலும் திரவ ஒட்சிசனும் நிரப்பிய ரொக்கெட்டை ஏவினார். இரண்டரை வினாடிகளில் சுமார் 12 மீற்றர் உயர்ந்து, 56 மீற்றர் தள்ளிக் கோவாத் தோட்டத்தில் விழுந்தது. திரவ எரிபொருளால் பறந்த உலகின் முதல் ரொக்கெட் அது!

1929 ஜூலை 17ஆம் திகதி அவர் ஏவிய மற்றொரு ரொக்கெட்டின் சத்தத்தால் அயலவர் பீதியடைந்தனர். அதன் பின் அந்த மாநிலத்தில் ஏவ அவருக்குத் தடை வந்தது. அவர் மனம் தளராமல், தொலைதூர நியூ மெக்சிக்கோவிலுள்ள ரொஸ்வெல்லுக்குச் சென்றார். மேலே ஏவினால் மட்டும் போதாது, திசை மாறாமல் செலுத்தவும் வேண்டும். வேகமாகச் சுழலும் கைரோஸ்கோப் ரொக்கெட்டின் சாய்வை உணரும். உடனே வாயு வெளியேறும் வழியிலுள்ள தகடுகள் திரும்பி அதை நிமிர்த்தும். 1935 மார்ச் 28இல் இப்படிச் சென்ற ரொக்கெட் சுமார் 1,460 மீற்றர் உயரத்தை எட்டியது.

ஆனால் கேலி அவரை உள்ளுக்குள் ஒடுக்கியிருந்தது. தன் கண்டுபிடிப்புகளை அவர் பிறரோடு அதிகம் பகிரவில்லை. அதனால் அவர் தீர்த்த சிக்கல்களையே மற்றவர்கள் மீண்டும் முதலிலிருந்து தீர்க்க வேண்டியதாயிற்று. 1945 ஓகஸ்ட் 10ஆம் திகதி தொண்டைப் புற்றுநோயால் அவர் காலமானார். அவர் பெயரில் பதிவான காப்புரிமைகள் 214. அவற்றுள் 131 அவரது மரணத்தின் பின், மனைவி எஸ்தரின் முயற்சியால் கிடைத்தவை.

1969 ஜூலை 17ஆம் திகதி, அப்பலோ 11 சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, அந்தப் பத்திரிகை தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. நாற்பத்தொன்பது வருடங்கள் கடந்திருந்தன. அவரோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அப்பலோவின் சந்திரக் கலத்தில் கூட்டிக் குறைக்கக்கூடிய திரவ எரிபொருள் பொறி ஒன்று அதைத் தரையிறக்கியது. பதினாறு சிறிய உந்துபொறிகள் அதன் நிலையைச் சரிசெய்தன. காற்றே இல்லாத இடத்தில்!

இதைப் படித்து முடித்த மறுநாள் வகுப்பில் நான் மீண்டும் கையை உயர்த்தினேன். தோழியரே, பிழையாகச் சொன்னவளைப் பார்த்து நாம் சிரித்தால் அவள் பிழையைத் திருத்துவதை விட்டுவிட்டு மௌனமாகிவிடுவாள். சரியாகச் சொன்னவரே ஒடுங்கிப் போனார் என்றால், நம்மைப் போன்ற மாணவிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?