மண் குவளையில் டீ குடித்த பந்து வீச்சாளர்

கிரிக்கெட்டில் பெயர் பெற்றுப் பின்னர் அரசியலில் இறங்கியவர் பல்வங்கர் பாலு. 1876-ம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்.

புனாவில் வெள்ளையர் கிளப்பில் மைதான வேலை. சம்பளம் மாதம் 4 ரூபாய். துரைமார் மட்டை பிடித்துப் பழக, பாலு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவரை விடவில்லை. அப்படி வீசியே இடது கை சுழல் பந்து வீச்சில் தேறிவிட்டார்.

வெள்ளையரை வெல்ல ஆள் தேவைப்பட்டது. புனா இந்துக்கள் பாலுவை அணியில் சேர்த்தார்கள். ஆட்டத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். ஆனால் இடைவேளையில் பாலுவுக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் டீ!

பிறகு பம்பாய் சென்று ரெயில்வேயில் வேலை பார்த்தார். 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனாலும் கடைசி வரை கேப்டன் பதவி தரப்படவில்லை. 1923-ல் அது அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

1932-ல் புனா ஒப்பந்தத்தில் பாலுவும் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் டாக்டர் அம்பேத்கரை எதிர்த்து அவரைக் காங்கிரஸ் நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225.

பாலு மேல் அம்பேத்கருக்கு மதிப்பு உண்டு. மண் குவளையின் அவமானம் இருவருக்கும் தெரியும். அதை ஒழிக்கும் வழியில்தான் வேறுபட்டார்கள்.

1955-ல் பம்பாயில் பாலு காலமானார்.