பரம்பரையைக் கணக்கில் கொண்டுவந்த பிஷர்

குழந்தை பிறந்தால் எமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, பிள்ளை தாயைப் போலவா தகப்பனைப் போலவா என்பதுதான். இக்கேள்விக்குக் கணக்கினால் விடை தேடியவர் சேர் றொனால்ட் பிஷர்.

1890 இல் இலண்டனில் பிறந்த அவருக்குச் சிறுவயது முதலே கண்பார்வை குறைவு. அதனால் தாளும் பென்சிலும் இன்றி, மனத்திலே உருவங்களை அமைத்துக் கணிதம் கற்றார். கேம்பிரிட்ஜில் படித்தார். முதலாம் உலகப் போரில் இராணுவம் அவரை ஏற்காததால் பாடசாலை ஆசிரியரானார்.

மெண்டல் ஆராய்ந்த பட்டாணிச் செடியில் நெட்டை, குட்டை என இரண்டே வகை. மனிதரிலோ எல்லா உயரமும் உண்டு. மெண்டலின் விதி மனிதருக்குப் பொருந்துமா என்று அறிஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டனர். பல பரம்பரையலகுகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களித்தால் பொருந்தும் எனப் பிஷர் கணித்துக் காட்டினார். 1916 இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பிய கட்டுரை அங்கு வெளிவரவில்லை. 1918 இல் எடின்பரோவில் வெளிவந்தது.

1919 இல் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். ஆய்வு முடிந்தபின் கணக்குப் பார்ப்பவராக இருந்த புள்ளிவிபரவியலாளரை, விதைக்கு முன்பே ஆலோசிக்க வேண்டியவராக மாற்றினார். எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கச் சொன்னார். 1943 இல் கேம்பிரிட்ஜில் பிறப்புரிமையியல் பேராசிரியரானார். 1962 இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் காலமானார்.

கணக்காளன் என்ற முறையில் ஐந்தொகையின் மறுபக்கத்தையும் நான் காட்டவேண்டும். தகுதியுள்ளோரே பிள்ளை பெற்றுப் பெருகவேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையைப் பிஷர் ஆதரித்தார். அதனால் அவர் படித்த கல்லூரியே, அவர் நினைவாக வைத்த கண்ணாடி யன்னலை அகற்ற 2020 இல் தீர்மானித்தது.

அவரது கணக்கு மட்டும் நிலைத்தது. 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏறத்தாழ 54 இலட்சம் பேரின் தரவுகளிலிருந்து, உயரத்துடன் தொடர்புடைய 12,000 க்கும் மேற்பட்ட பரம்பரை வேறுபாடுகளைக் கண்டது. ஆராயப்பட்டோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். அவர்களின் உயர வேறுபாட்டில் 40 வீதத்தை விளக்கிய அதே கணக்கு, பிற வம்சத்தினரில் 10 முதல் 20 வீதத்தையே விளக்கியது.

பதியப்படாதவருக்குப் பேரேட்டில் மிகுதி இராது. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்றிருக்கும் பெற்றோரே, கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இத்துறையையும் காட்டுங்கள். யாரை எண்ணுவது என்று விதைக்கு முன்பே தீர்மானிக்கும் இடத்தில் எமது பிள்ளைகளும் இருக்கவேண்டும்.