தஸ்தயேவ்ஸ்கி: வாழ்வும் நடையும்

1849 டிசம்பர் 22, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் செமியோனோவ்ஸ்கி சதுக்கம். கைதிகளுக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினர்; துப்பாக்கிகள் உயர்ந்தன. அடுத்த மூவருள் ஒருவராகக் காத்து நின்றார் இருபத்தெட்டு வயதான தஸ்தயேவ்ஸ்கி. அவர் செய்த குற்றங்களுள் தலையாயது, நண்பர் வட்டத்தில் பெலின்ஸ்கியின் தடைசெய்யப்பட்ட கடிதத்தை உரக்கப் படித்தது! நம்மைப் போன்ற வட்டத்தார் மறக்கவியலாத செய்தி இது. சுடும் ஆணை வரவில்லை. ஜார் மன்னரின் தண்டனைக் குறைப்பு வந்தது. அனைத்தும் முன்பே வகுக்கப்பட்ட நாடகம்.

அந்தச் சில நிமிடங்களே அவருடைய நாவல்களின் காலக் கணக்கை மாற்றின என்று கருதுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய 'அசடன்' நாவலில், சாவை எதிர்நோக்கி நிற்பவனின் இறுதி நிமிடங்களை மிஷ்கின் விவரிக்கிறான். அந்நாவலின் முதல் பாகம் முழுவதும் ஒரே நாளில் நிகழ்வது. சாவின் விளிம்பில் நின்றவருக்கு ஒரு நாள் என்பது சிறு பொழுதன்று.

பின்னர் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள், காலில் விலங்கோடு. படிக்க அனுமதிக்கப்பட்ட நூல் புதிய ஏற்பாடு ஒன்றே. உடனிருந்த குடியானவக் கைதிகள் மேட்டுக்குடியினரான இவரை வெறுத்தனர். இவரோ அவர்கள் பேச்சைக் குறிப்பேட்டில் எழுதிச் சேர்த்தார். 'மரண வீடு' அதன் விளைச்சல்.

அவர் நடை செப்பமற்றது, அவசர நடை என்பர் சிலர். அவசரம் உண்மைதான். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் தராவிடில், ஒன்பது ஆண்டுகள் அவருடைய எழுத்துகளை ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கிக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். சுருக்கெழுத்துப் பயின்ற இருபது வயது அன்னாவிடம் 26 நாள்களில் சொல்லி எழுதச் செய்ததே 'சூதாடி'. மறு ஆண்டு அன்னா அவர் மனைவியானார். பிந்தைய நாவல்களும் இவ்வாறே உருப்பெற்றன. ஆயினும் அந்தப் பேச்சு நடையைச் சுருக்கெழுத்தின் கொடை என்றுரைப்பது பிழை. 1864இல் வந்த 'நிலவறைக் குறிப்புக'ளிலேயே ஒருவன் தன்னோடு தானே வழக்காடும் அந்தக் குரல் முற்றாக இருக்கிறது.

சிறையில் முற்றிய வலிப்பு நோயை மிஷ்கினுக்கு அளித்தார். அதே நோய் 1878 மே மாதத்தில் அவர் மகன் அல்யோஷாவின் உயிரைப் பறித்தது. துயரோடு ஆப்தினா மடத்திற்குச் சென்று அங்கிருந்த முதிய துறவியைக் கண்டு திரும்பியவர், 'கரமசோவ் சகோதரர்கள்' எழுதலானார். அதன் இளைய நாயகனுக்குப் பெயர் அல்யோஷா. அந்நாவலில் குடியானவத் தாய் ஒருத்தி, இறந்த தன் குழந்தைக்காகத் துறவியின் முன் அழுகிறாள். அந்தக் குழந்தையின் பெயர் அலெக்ஸி. அல்யோஷா அதன் செல்லப் பெயர். வயது, மூன்றுக்கு மூன்று மாதம் குறைவு. தஸ்தயேவ்ஸ்கியின் மகனும் இறக்கும்போது அதே வயதினன்.