செல்துண்டு பட்ட கையும் இன்சுலின் போத்தலும்

2008 இன் கடைசியில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா தன் மடியில் வைத்திருந்தது ஒரு சின்ன மண்முட்டி. அதற்குள் ஈரமணல். மணலுக்குள் பொலித்தீனில் சுற்றிய சில இன்சுலின் போத்தல்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் மருந்து பழுதாகாமல் இருக்க ஒரு தாதி சொல்லிக்கொடுத்த வழி அது. அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சலரோகம்.

அந்த மருந்தை முதலில் கண்டவர் யார் என்று அப்போது நான் யோசித்ததில்லை. பல வருடங்களுக்குப் பிறகுதான் பிரெட்ரிக் பான்ரிங் பற்றி வாசித்தேன். அவரும் செல்துண்டு பட்டவர் என்று அறிந்ததும் புத்தகத்தை மூடிவைக்க முடியவில்லை.

1891 நவம்பர் 14 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஒரு கமக்காரக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அவர். படிப்பில் கெட்டிக்காரர் இல்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே தவறவிட்டு, பிறகு மருத்துவத்துக்கு மாறினார். முதலாம் உலகப் போர் வந்ததால் அவருடைய வகுப்பின் படிப்பைச் சுருக்கி, 1916 டிசம்பரில் வைத்தியர்களாக வெளியேற்றினார்கள். 1918 செப்டெம்பரில் பிரான்சின் கம்ப்ரே களமுனையில் செல்துண்டு அவருடைய வலக்கையைக் கிழித்தது. கட்டுப் போட்டுக்கொண்டு பல மணித்தியாலங்கள் மற்றக் காயக்காரரைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். அதற்காக வீரப்பதக்கமும் கிடைத்தது.

பதக்கம் சோறு போடவில்லை. 1920 இல் ஒன்ராறியோவிலுள்ள லண்டன் என்ற நகரில் சிகிச்சை நிலையம் திறந்தார். முதல் மாத வருமானம் 4 டொலர். கையைக் கடிக்காமல் இருக்க மாணவருக்குப் பகுதிநேரமாகப் படிப்பித்தார். அந்த ஒக்டோபரில், சதையி பற்றிய பாடத்துக்கு ஆயத்தம் செய்த ஓர் இரவில் நித்திரை வராமல் எழும்பி, கொப்பியில் ஒரு யோசனையைக் குறித்துவைத்தார்.

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, சமிபாட்டுச் சாற்றைக் குடலுக்கு அனுப்புவது. மற்றது, அதன் சிறுதீவுகள் என்ற கலக்கூட்டங்கள் ஓமோன்களை நேரே குருதிக்குள் விடுவது. அவற்றில் இன்சுலின் இல்லாவிட்டால் குருதியில் எவ்வளவு சீனி இருந்தாலும் தசையும் கொழுப்பும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உடல் தன் கொழுப்பையே எரிக்கும், குருதியில் அமிலம் ஏறும், நினைவு தப்பும். அந்தக் காலத்தில் இப்படி வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் கொடுத்த ஒரே வைத்தியம் பட்டினி. சில மாதங்களை, கூடினால் ஓரிரு வருடங்களை நீட்டும். அவ்வளவுதான்.

சமிபாட்டுச் சாறுதான் அந்த ஓமோனை அழிக்கிறது, ஆகவே அது வரும் கானைக் கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்பது பான்ரிங்கின் யோசனை. ரொறன்ரோவில் பேராசிரியர் மக்லியொட் அரைமனதோடு ஓர் ஆய்வுகூடமும் சில நாய்களும் கொடுத்தார். உதவிக்கு சார்ள்ஸ் பெஸ்ற் என்ற 22 வயது இளைஞன். 1921 கோடை முழுக்கச் சம்பளம் இல்லை. பான்ரிங் தன் காரையும் விற்றார். நாய்கள் பல செத்தன. யூலை முடிவில்தான் ஒரு நாயின் குருதிச் சீனி இறங்கியது. கானைக் கட்டும் வேலையே தேவையில்லை, மாட்டின் சதையியில் இருந்தே மதுசாரத்தால் மருந்தைப் பிரிக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. பிழையான வழியால் போய்ச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

1922 சனவரி 11 அன்று லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன். சுத்தம் போதாத மருந்து, சரிவரவில்லை. கொலிப் என்ற இரசாயனவியலாளர் இரவு பகலாகச் சுத்திகரித்துக் கொடுத்ததை சனவரி 23 இல் போட்டார்கள். பையன் எழும்பினான். அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தான்.

ஆனால் அந்த இளவேனிலில் ஒரு சோதனை வந்தது. பெருமளவில் செய்யப் போனபோது மருந்து சரியாக வரவில்லை. கொலிப்புக்கே தன் கைப்பக்குவம் தப்பிவிட்டது. மருந்து இருக்கிறது என்று தெரிந்தும் கிடைக்காத வாரங்கள் அவை. இதை வாசித்த இடத்தில்தான் நான் நின்றுபோனேன். மாத்தளனில் அம்மா ஊசியின் அளவைத் தானே குறைத்துக் குறைத்துப் போட்டார், எங்களுக்குச் சொல்லாமல். முட்டியில் மணல் காயவில்லை, போத்தல்தான் காலியாகிவிட்டது. காலில் இருந்த சின்னப் புண் பெருத்தது. ஏப்ரலில் போய்விட்டார். முட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

ரொறன்ரோவில் மருந்து திரும்ப வந்தது. காப்புரிமையை ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக்கொடுத்தார்கள். 1923 இல் பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு. பெஸ்ற்றை விட்டதில் கோபம் கொண்டு தன் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார் பான்ரிங். மக்லியொட் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். ருமேனியாவின் பவுலெஸ்கோ அதே 1921 இல் இதே பாதையில் எழுதி வெளியிட்டிருந்தும் அவருக்கு ஒன்றும் இல்லை.

பான்ரிங்கை நான் சாமியாக்க மாட்டேன். இரண்டாம் உலகப் போர் வந்ததும், கிருமிகளை ஆயுதமாக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கச் சொல்லி கனடிய அரசை நெருக்கியவரும் இவர்தான். எதிரி முந்திவிடுவான் என்ற பயம். போர் வைத்தியரின் மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. 1941 பெப்ரவரியில் போர் சம்பந்தமான வேலைக்காக இங்கிலாந்து போக ஏறிய விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்தது. விமானி மட்டும் தப்பினார். பான்ரிங் மறுநாள் பனிக்குள் இறந்தார். வயது 49.

அந்த யோசனை வந்த வீடு இன்று நூதனசாலை. முன்னால் 1989 இல் ஏற்றிய சுடர் ஒன்று எரிகிறது. சலரோகத்துக்கு முழுச் சுகம் கண்டுபிடிக்கும் அன்றுதான் அதை அணைப்பார்களாம். கனடாவில் இருக்கும் என் தங்கச்சி போன வருடம் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். அவளுக்கும் இப்போது சலரோகம். காலை ஊசியைப் போட்டுவிட்டுத்தான் காரில் ஏறினாளாம்.