ஜே.பி.எல் ஸ்பீக்கர் வெச்சிருக்கீங்களா? அந்த மூணு எழுத்துக்குள்ள இருக்கும் மனிதரின் கதை இது!

ஹாஸ்டல் ரூம், டூர் வேன், காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு எங்கே போனாலும் அந்த ஆரஞ்சு லோகோவைப் பார்த்திருப்பீங்க. ஜே.பி.எல். ஜேம்ஸ் புல்லோ லான்சிங் என்ற அமெரிக்கரின் பெயர்ச் சுருக்கம் அது. இன்னொரு பிராண்டையும் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. 2000-களில் அண்ணனோ அக்காவோ டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கியபோது பக்கத்தில் ஆல்டெக் லான்சிங் ஸ்பீக்கர் வந்திருக்கும். அந்த லான்சிங்கும் இவரேதான். ஒரே மனிதரின் பெயரைப் போட்டி கம்பெனிகள் இரண்டு சுமந்த விநோதம் இது. அந்த மனிதர் வாழ்ந்ததோ வெறும் 47 வருடங்கள்.

கிட்டார் வாசிக்கிறவரா நீங்கள்? உங்க ஆம்ப்ல ஸ்பீக்கர் கிழிஞ்சுபோய், புதுசா எதை மாட்டலாம்னு தேடிக்கிட்டிருந்தால் இவர் கதை இன்னும் முக்கியம். கடைசிக் காலத்தில் இவர் வடிவமைத்த ஒரு ஸ்பீக்கர்தான், இவர் இறந்தபிறகு கிட்டாரிஸ்ட்கள் பழசைக் கழற்றிவிட்டுக் காசு கொடுத்து மாட்டிக்கொண்ட பொருளாக மாறியது.

1902 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. 14 பிள்ளைகளில் ஒருவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் துறையில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே ரேடியோ டிரான்ஸ்மிட்டர் செய்து பார்த்த பையன். 1924-ல் அம்மா இறந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பி சால்ட் லேக் சிட்டிக்குப் போனார். அங்கே ரேடியோ ஸ்டேஷன் வேலை, காதல், கல்யாணம், கூடவே கென் டெக்கர் என்ற நண்பர். லான்சிங்குக்குக் கைவேலை, டெக்கருக்குக் கணக்கு வழக்கு. இந்தப் பொருத்தத்தை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1927 மார்ச்சில் இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் லான்சிங் மேனுஃபேக்சரிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதையொட்டித்தான் மார்ட்டினி சட்டப்படி லான்சிங் ஆனார். ரேடியோ பெட்டிகளுக்கு 6 இன்ச், 8 இன்ச் ஸ்பீக்கர் செய்வதுதான் முதல் பிழைப்பு. அதே வருடம் அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாகி சினிமா பேச ஆரம்பித்தது. தியேட்டர்களுக்கு ஒரு புதுத் தலைவலியும் தொடங்கியது. அந்தக் கால ஆம்ப்ளிஃபையர்களுக்கு வாட்ஸ் ரொம்பக் குறைவு. அந்தக் கொஞ்சூண்டு சக்தியை வைத்து ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலின் கடைசி வரிசைவரை வசனம் போய்ச் சேர வேண்டும். ஆம்பால் முடியாததை ஸ்பீக்கர்தான் ஈடுகட்டியாக வேண்டும்.

எம்.ஜி.எம் ஸ்டுடியோவின் ஒலிப் பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷீரர் 1930-களின் நடுவில் இதற்காக ஒரு அணி சேர்த்தார். அதில் லான்சிங்கும் இருந்தார். அப்படிப் பிறந்ததுதான் ஷீரர் ஹார்ன். 1936-ம் ஆண்டுக்கான அகாடமி தொழில்நுட்ப விருது அதற்குக் கிடைத்தது. விருதில் இருந்த பெயர்கள் ஷீரரும் எம்.ஜி.எம் ஒலிப் பிரிவும். ஸ்பீக்கர் டிரைவர்களைச் செய்துகொடுத்த லான்சிங் வொர்க்‌ஷாப்பிலேயே இருந்தார்.

1939-ல் கென் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். கணக்குப் பார்க்க ஆள் போனதும் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. 1941 டிசம்பரில் ஆல்டெக் என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஆல்டெக் லான்சிங் பிறந்தது. லான்சிங்குக்குத் தொழில்நுட்பத் துணைத் தலைவர் பதவி. உலகமெங்கும் தியேட்டர் திரைகளுக்குப் பின்னால் நின்ற 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' ஸ்பீக்கர்கள் இந்தக் காலத்தின் விளைச்சல். ஆனால் ஐந்து வருடம் முடிந்ததும், 1946-ல் லான்சிங் வெளியேறிவிட்டார். சொந்தக் கம்பெனி மறுபடியும். அதன் பெயரில் லான்சிங் என்று போட்டதும் ஆல்டெக் ஆட்சேபித்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள ஒருவர் வாதாட வேண்டியிருந்தது. பெயரோடு முன்னெழுத்துகளையும் சேர்த்து, ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று மாற்றினார். பிற்காலத்தில் அது ஜே.பி.எல் என்று சுருங்கியதற்கும் இந்தப் பெயர்த் தகராறுதான் காரணம்.

இந்தக் கம்பெனியில்தான் 15 இன்ச் டி130 பிறந்தது. இங்கே கொஞ்சம் நிதானமா நிற்போம், விஷயமே இதில்தான் இருக்கு.

ஸ்பீக்கரின் பேப்பர் கோனுக்குப் பின்னால் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். வாய்ஸ் காயில். காந்தத்தின் குறுகலான இடைவெளியில் அது முன்னும் பின்னும் ஆடும்போதுதான் சத்தம். வழக்கமான கிட்டார் ஸ்பீக்கர்களில் இந்தச் சுருளின் விட்டம் ஒன்று, ஒன்றரை இன்ச். லான்சிங் வைத்ததோ 4 இன்ச்! கம்பியும் உருண்டை இல்லை. தட்டையான அலுமினிய ரிப்பன், விளிம்பில் நிற்கும்படி நெருக்கி நெருக்கிச் சுற்றியது. உருண்டைக் கம்பி என்றால் சுற்றுகளுக்கு நடுவே காற்று தங்கும்; தட்டைக் கம்பியில் அந்த வீணான இடமும் உலோகமாகிவிடும். விளைவு, கொடுக்கிற ஒவ்வொரு வாட்டுக்கும் கூடுதல் சத்தம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 100 டெசிபலைத் தாண்டும்.

இது உங்களுக்கு எதுக்குன்னு கேட்கிறீங்களா? ஸ்பீக்கர் மாற்றும்போது பலரும் வாட்ஸை மட்டும் பார்க்கிறோம். வாட்ஸ் சொல்வது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு அடி தாங்கும் என்பதை மட்டுமே. எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி. 3 டெசிபல் கூடினால் ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டுங்கள். உங்க 40 வாட்ஸ் ஆம்ப் 80 வாட்ஸ் ஆம்ப் மாதிரி கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதையும் யோசிச்சுட்டு வாங்குங்க.

லான்சிங் இந்த டி130-ஐக் கிட்டாருக்காகச் செய்யவில்லை. அது கிட்டாருக்குப் போனதைப் பார்க்கவும் அவர் இல்லை. கம்பெனி கடனில் மூழ்கியது. பணம் போட்டிருந்த மார்க்வார்ட் விமான நிறுவனமும் 1949-ல் கைமாறியது. அந்த செப்டம்பரில் லான்சிங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். (மனம் அப்படித் தளரும் நேரத்தில் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்.) அவர் எடுத்திருந்த 10,000 டாலர் ஆயுள் காப்பீட்டுப் பணம் கம்பெனிக்கு வந்தது. நிர்வாகத்தைப் பார்த்துவந்த வில்லியம் தாமஸ் அதை வைத்தே கம்பெனியை நிமிர்த்தினார். டெக்கர் போன பிறகு லான்சிங்குக்குத் தேவைப்பட்ட ஆள் இவர்தான். என்ன செய்ய, வந்து சேர்ந்ததே ரொம்ப லேட்.

பத்துப் பதினோரு வருடம் கழித்து, அதே கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டருக்கு ஒரு பிரச்னை. டிக் டேல் என்ற இளைஞர் அவர் கொடுத்த ஆம்ப்களை வரிசையாக நாசம் செய்துகொண்டிருந்தார். 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் ஆரம்பத்தில் பிய்த்து உதறும் கிட்டார் கேட்டிருப்பீங்களே, அவர்தான். ஆயிரக்கணக்கான பேர் ஆடும் பால்ரூமில், தடித்த கம்பிகளில் அவர் போட்ட போட்டில் ஸ்பீக்கர்கள் கிழிந்தன, கருகின. ஃபெண்டர் போய் நின்ற இடம் ஜே.பி.எல். டி130-ன் காயில் இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தி, கிட்டாரின் அடியைத் தாங்கும்படி டி130எஃப் தயாரானது. அந்த 'எஃப்', ஃபெண்டருக்காக. அதன் 12 இன்ச் தம்பி டி120எஃப். கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா தன் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பில் மாட்டிக்கொண்டது ஜே.பி.எல் 12 இன்ச் ஸ்பீக்கர்களைத்தான்.

அப்போ எல்லாரும் இதையே மாட்டணுமா? வேண்டாம். நடுவில் அலுமினிய மூடி கொண்ட இந்த வகை ஸ்பீக்கர் கண்ணாடி மாதிரி. மணி அடித்ததுபோல் சுத்தமாக ஒலிக்கும். நீங்கள் விட்ட தப்பையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். வால்யூமை ஏற்றும்போது ஸ்பீக்கரே கொஞ்சம் கரகரக்கணும், அதுதான் ராக் என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டனின் செலஸ்டியன் கிரீன்பேக் மாதிரி 25 வாட்ஸ் ஸ்பீக்கர் பிடிக்கும். பெடல் போட்டு வாசிக்கிறவருக்கும் ஜாஸ் வாசிக்கிறவருக்கும் ஒரே ஸ்பீக்கரைச் சிபாரிசு செய்பவரை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் ஓம் கணக்கில் ரசனைக்கு இடமில்லை. ஆம்பின் பின்பக்கம் 8 ஓம் என்று போட்டிருந்தால் 8 ஓம்தான். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை பேரலலில் இணைத்தால் 4, சீரிஸில் இணைத்தால் 16. டியூப் ஆம்பில் இது தப்பினால் விலையுயர்ந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. ஸ்பீக்கரே இல்லாமல் டியூப் ஆம்பை ஆன் செய்து வாசிப்பது அதைவிட மோசம். வாட்ஸைப் பொறுத்தவரை, ஆம்பைவிட ஸ்பீக்கர் தாராளமாக அதிகம் தாங்கட்டும்.

கடைசியா ஒண்ணு. பழைய ஜே.பி.எல் எங்காவது செகண்ட் ஹேண்டில் கிடைத்து, அதை வேறொரு கம்பெனி ஸ்பீக்கரோடு ஜோடி சேர்க்கிறீங்கன்னா கவனம். மற்ற கம்பெனிகளில் சிவப்பு முனைக்கு பாசிட்டிவ் கொடுத்தால் கோன் வெளியே வரும், பழைய ஜே.பி.எல்-லில் உள்ளே போகும். ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்க, பாஸ் காணாமல்போகும். ஒரு சின்ன 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்து, கோன் எந்தப் பக்கம் அசைகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வயரை இணையுங்கள்.