பொருளுக்குப் பின்னால் ஆளைத் தேடியவர்: ஜே.சி. குமரப்பா

நான் பொறியியல் மாணவன். ஒரு பொருளை எப்படி வேகமா, மலிவா செய்யலாம்னு வகுப்புல சொல்லித் தராங்க. அதைச் செய்யத்தான் வேணுமா, செய்தால் யாருடைய பிழைப்பு போகும் என்று கேட்க ஒரு பாடமும் இல்லை. அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்ட தமிழர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்காளராகத் தேர்ந்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஆங்கிலேய அரசின் வரவு செலவே இந்தியாவை எப்படி ஏழையாக்கியது என்று ஆராய்ந்தார். கணக்குப் புத்தகம் அவரை மாற்றிவிட்டது.

1929-இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். கதருக்கு மாறினார், குமரப்பா என்ற பெயரையும் ஏற்றார். 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் முன்னின்று நடத்தினார். காகிதம், எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேன் என்று எல்லாத்திலும் அங்கே ஆராய்ச்சி நடந்தது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் அங்கே உருவானதுதான். மகன்லால் காந்தியின் நினைவாக அந்தப் பெயர். என்னைப் போன்றவர்களுக்கு இது முக்கியம்: அவர் தொழில்நுட்பத்தை ஒதுக்கவில்லை, அது யாருக்கு வேலை செய்யணும்னு முதலில் முடிவு செய்தார்.

ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். 1945-இல் அது வெளிவந்தது. இயற்கையைப் பார்த்தே வாழ்முறைகளை வகைப்படுத்தினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தான் நடாத மரத்தில் பழம் பறிக்கும் குரங்கு இன்னொரு வகை. கூட்டுக்காக உழைக்கும் தேனீ அதற்கு மேல். பலன் பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை உச்சம். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு, அது உருவான விதத்திலும் பொறுப்பு உண்டு என்பது அவர் கருத்து.

மலபாரில் நெல் வயல்கள் தென்னந்தோப்பாகி, தேங்காய் எண்ணெய் சோப்பு ஆலைக்குப் போனதை அவர் கண்டித்தார். சோறு போட்ட நிலம் சோப்பு போடுது என்பதுதான் அவர் வருத்தம். இதைப் படித்ததும் எனக்கு நம்ம தோட்டங்கள்தான் ஞாபகம் வந்தது. நம்ம தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டினாங்க. அந்த ரப்பர் எங்கேயோ கார் டயராச்சு. வெட்டினவங்களில் பலர் கடைசி வரை சைக்கிள்தான் மிதிச்சாங்க.

கடைசிக் காலத்தில் மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளிலேயே காலமானார்.

படிப்பு முடிந்ததும் நானும் ஏதோ ஒரு பொருளை வடிவமைக்கத்தான் போறேன். ரெண்டு வருஷத்துல குப்பைக்குப் போற மாதிரி செய்யச் சொன்னா என்ன பதில் சொல்வேன்? இப்பவே யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். நீங்களும் இந்தத் தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பை நிறைய வாங்கும்போது, ஒரு பொருளையாவது கையில் எடுத்து, இதைச் செய்தவருக்கு வயிறு நிறைந்ததா என்று கேட்டுப் பாருங்கள். குமரப்பா கேட்டது அதைத்தான்.